கை வைக்காத அவரை வரிசை

“செத்துப்போச்சு!”

விதையும் பயிர் மருந்தும் விற்கும் அந்தக் கடைக்குள் கால் வைத்ததும் ஜொவிட்டா சொன்ன முதல் வார்த்தை அதுதான். கையில் சொட்டச் சொட்ட ஒரு குடை, தோளில் துணிப்பை, முகத்தில் அடையாற்றிலிருந்து தி.நகர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வளர்த்த கோபம்.

கல்லாவில் இருந்த இளைஞன் பதறிப்போய் எழுந்தான். “அய்யய்யோ... யாருங்க? எப்போ?”

“உங்க சரக்கு. எப்போன்னு நீங்கதான் சொல்லணும்.”

பையிலிருந்து இரண்டு கண்ணாடித் தட்டுகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். ஒன்றில் பச்சைப் பசேல் என்று வெல்வெட் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. இன்னொன்று வெறுமையாக இருந்தது.

“பச்சையா இருக்கே, இது என் லேப்ல இருக்கிற டிரைக்கோடெர்மா. நாலு நாள்ல தட்டு ஃபுல்லா வந்துடுச்சு. பக்கத்துல இருக்கிறது உங்க கடை பாக்கெட். அதே நாலு நாள். ஒரு புள்ளி இருக்கா பாருங்க.”

அவன் குனிந்து பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, “எங்களுதுதாங்க சுத்தமா இருக்கு. உங்களுது புளிச்சுப்போன இட்லி மாவு மாதிரில்ல இருக்கு?” என்றான்.

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வந்தால் கோபம் கெட்டுவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் கண்களைக் கவனித்தாள். நீளமான இமைகள்... அவற்றில் மருந்துப் பொடியின் வெள்ளைத் தூசு மெல்லியதாகப் படிந்திருந்தது. சிரிக்காமலே சிரிக்கும் கண்கள். ‘சரிதான், வந்த வேலையைப் பாரு’ என்று தன்னையே அதட்டினாள்.

“இது பூஞ்சைங்க. நல்ல பூஞ்சை. உயிரோட இருந்தாதான் வேலை செய்யும். அவரை வேரைச் சுத்தி முதல்லயே போய் இடம் பிடிச்சுக்கும். வேரை அழுக வைக்கிற கெட்ட பூஞ்சை வந்தா சுத்தி வளைச்சுத் தின்னுடும். செத்துப்போச்சுன்னா வெறும் மாவு. நீங்க நீரஜா மாமிக்கு வித்தது வெறும் மாவு!”

நீரஜா மாமி மயிலாப்பூரில் மொட்டை மாடி முழுக்கச் செடி அவரை போடுகிறவர். மூன்று வருடமாக மழை வந்தால் போதும், வேர் அழுகி அத்தனையும் சாய்ந்துவிடும். ஜொவிட்டாதான் பூஞ்சைப் பொடியை வாங்கிப் போடச் சொன்னாள். மாமி வாங்கிப் போட்டார். செடிகள் வழக்கம்போலச் செத்தன. “எங்காத்து மாடி சுடுகாடு மாதிரி ஆயிடுத்துடீ. நீ படிச்ச டாக்டர் பட்டம் என்ன பண்ணித்து?” என்று மாமி கேட்டது இன்னும் காதில் எரிந்துகொண்டிருந்தது. ஐந்து வருடம் இதே பூஞ்சையைப் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள்.

“பேக்கிங் தேதி சரியாத்தானே இருக்கு...” அவன் ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் படித்தான். “‘குளிர்ந்த, நிழலான இடத்தில் வைக்கவும்.’”

ஜொவிட்டா திரும்பினாள். வாசலைக் காட்டினாள். தகரக் கூரையின் கீழே, மழையில்லாத நாளெல்லாம் வெயில் நேராக விழும் இடத்தில், ஷாம்பு பாக்கெட் மாதிரி சரம் சரமாகப் பூஞ்சைப் பொடிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

அவன் முகம் மாறியது. அந்த மாற்றத்தில் ஏதோ நேர்மை இருந்தது. “எழுத்து ரொம்பச் சின்னதா...” என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டான்.

“ஏலே ஸ்ரீஹரி, யாருலே அது? என்ன சொல்லுதாவ?”

உள்ளறையிலிருந்து நல்லசிவம் வந்தார். கடை அவருடையது. வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியும் கொஞ்சமும் தேயாத பேச்சு. மகன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

“என் கடையில செத்த சரக்கா?” அவர் குரல் ஏறியது. “எம்மா, முப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன். பூஞ்சக்காளான வச்சு நோயத் தீக்கேன்னு சொல்லுதது எல்லாம் காயிதத்துல எழுதுத கதை. ஆளுவ கேக்காவளேன்னு தொங்க விட்டுருக்கேன். நோய் வந்தா மருந்து ஊத்தணும். அவ்வளவுதான்.”

“கதைன்னா நிரூபிச்சுக் காட்டவா?” என்றாள் ஜொவிட்டா.

“காட்டேன்!”

அப்படித்தான் அந்தப் பந்தயம் பிறந்தது. கடை மாடியில் செடி வளர்க்கும் க்ரோ பேக் பைகள் பத்துப் பத்தாக. ஒரு வரிசைக்கு நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாப் பூஞ்சையையும் கொல்லும் நல்லசிவத்தின் மருந்து. ஒரு வரிசைக்கு ஜொவிட்டாவின் உயிருள்ள பூஞ்சை. “ஒண்ணுமே போடாத வரிசை ஒண்ணும் வேணும். இல்லேன்னா நோய் வந்துதா வரலையான்னே தெரியாது” என்று அவள் பிடிவாதம் பிடித்ததில் மூன்றாவது வரிசையும் சேர்ந்தது. மண், நீரஜா மாமி வீட்டு மாடியில் செத்துப்போன செடிகளின் அதே நோய் மண். ஜொவிட்டா ஜெயித்தால், கெட்ட பொடியை வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் நல்லசிவம் உண்மையைச் சொல்ல வேண்டும். தோற்றால், அவள் கடை வாசலில் நின்று, தோற்றுவிட்டேன் என்று எல்லோரும் கேட்கச் சொல்ல வேண்டும்.

“சொல்லுவேன்” என்றாள், கண்ணை இமைக்காமல்.

சனிக்கிழமை மண் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றியபோது டிரைவர் தலையைச் சொறிந்தார். “இன்னாக்கா, மைலாப்பூர் மண்ண மூட்ட கட்டிக்கினு போறீங்க? தி.நகர்ல மண்ணே இல்லியா?”

“இது வியாதி மண்ணுண்ணா.”

“அத்த ஏறதுக்கு முன்னாடியே சொல்லக்கூடாதா!”

ஸ்ரீஹரி மூட்டைகளைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறினான். விதை நேர்த்தி செய்ய, ஆறின அரிசிக் கஞ்சியில் பொடியைக் கரைத்து அவரை விதைகளைப் புரட்டச் சொன்னாள். அவன் முழங்கை வரை பூசிக்கொண்டான்.

“கஞ்சி எதுக்குங்க? அதுக்குப் பசிக்குமா?”

“பொடி விதைமேல ஒட்டணும்ல? பசிக்கவும் செய்யும். உயிருள்ளதுன்னா பசிக்காதா?”

“எனக்கும்தான் பசிக்குது. காலைலேர்ந்து மூட்டை தூக்கறேன். என்னை யாரும் கேக்கலையே...”

அடுத்த வாரம் அவள் டிபன் பாக்ஸில் கூடுதலாக இரண்டு சப்பாத்தி இருந்தது. சாந்தோம் வீட்டுச் சமையற்கட்டிலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார் அவள் அம்மா கிளாடிஸ்.

“யாருக்கும்மா எக்ஸ்ட்ரா?”

“கடைக்காரப் பையனுக்கு, மம்மி. மண்ணு தூக்கறான்.”

“நம்ம மாதா கோயில் பிள்ளையா?”

“மம்மி... நான் அவரைக்காய் பத்திப் பேசிட்டிருக்கேன்!”

“நானும் அதைத்தான் கேக்கறேன்” என்றார் கிளாடிஸ், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பொய்களைக் கண்டுபிடித்த அதே குரலில்.

சனிக்கிழமைகள் ஓடின. விதை வெடித்தது. இரண்டு இலை, நாலு இலை... அவன் அவள் சொல்வதையெல்லாம் நோட்டில் குறித்தான். எழுதிக்கொண்டே நிமிர்வான். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இருவரும் ஒரே சமயத்தில் செடியைப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரே குடைக்குள் நிற்க வேண்டி வந்தது. அவன் பாதி தோளை மழையில் விட்டுவிட்டு, அவளுக்கும் தனக்கும் நடுவே ஒரு சாண் இடம் விட்டு நின்றான். அந்த ஒரு சாண் இடைவெளியை அவள் வீடு போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் முதல் வாரத்தில் புயல் சின்னம் வந்தது. மூன்று நாள் விடாத மழை. சாந்தோமில் தெருவெல்லாம் தண்ணீர், ஜொவிட்டாவுக்கு நல்ல காய்ச்சல். நாலாம் நாள் ஸ்ரீஹரியிடம் போனில் கேட்டாள், “என் செடி எப்படி இருக்கு?”

“ரெண்டு மஞ்சளா இருக்கு...”

“சரி. விடுங்க. அது போராடும். ரெண்டு போனாலும் மிச்சம் நிக்கும்.”

“ம்...” என்றான்.

அடுத்த சனிக்கிழமை மாடி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றும் போடாத வரிசை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. நல்லசிவத்தின் வரிசையில் ஒன்று போயிருந்தது. அவள் வரிசையில் பத்துக்குப் பத்தும் நிமிர்ந்து நின்றன! முடிவைப் பார்க்க வந்திருந்த நீரஜா மாமி சின்னப் பெண் மாதிரி கை தட்டினார். நல்லசிவம் மீசையைத் தடவிக்கொண்டார். ஸ்ரீஹரி மட்டும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

சந்தோஷம்தான். ஆனால் படித்த புத்தி சும்மா இருக்குமா? இரண்டு மஞ்சளாக இருந்தன என்றானே... ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு சிட்டிகை மண் எடுத்துக்கொண்டு போனாள்.

நாலு நாள் கழித்து, அடையாறு லேபில் தட்டுகளைத் திறந்தாள். அவள் வரிசை மண்ணில் பச்சை இல்லை. கெட்ட பூஞ்சையும் இல்லை. எதுவுமே இல்லை. பத்துத் தட்டும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன.

யாரோ மருந்து ஊற்றியிருக்கிறார்கள்.

லீவு சொல்லிவிட்டு நேரே தி.நகர் போனாள். கடையில் நல்லசிவம் உட்கார்ந்திருந்தார்.

“சார், என் வரிசைல உங்க மருந்தை ஊத்தினது யாரு?”

“எம்மா! நாக்க அடக்கிப் பேசு. கெலிச்சது நீ. நான் எதுக்கு ஊத்தப்போறேன்?”

நியாயமான கேள்வி. அவள் தடுமாறிய அந்த நொடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நான்தாங்க.”

ஸ்ரீஹரி நின்றிருந்தான். கையில் விதைப் பெட்டி. “மழை விடல. உங்களுக்குக் காய்ச்சல். ரெண்டு செடி தலை சாஞ்சுது, மூணாவதும் சாயற மாதிரி... நீங்க இந்த வாசல்ல நின்னு தோத்துட்டேன்னு சொல்றதை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியல. அதான்...”

வேறு எந்த நாளிலாவது இப்படிச் சொல்லியிருந்தால் அவள் உருகிப்போயிருப்பாள். இன்று உருகவில்லை.

“அஞ்சு வருஷம் நான் படிச்சது அந்தப் பூஞ்சை. அது போராடும்னு உன்கிட்ட சொன்னேன். நீ அதையே கொன்னுட்ட.” ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. “என்னை ஜெயிக்க வைக்கணும்னு நினைச்ச. என்னை நம்பணும்னு தோணலையா உனக்கு?”

அவன் விதைப் பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

அவள் நல்லசிவத்தின் பக்கம் திரும்பினாள். “சார், நான் ஜெயிக்கல. என் வரிசைல இருந்ததும் உங்க மருந்துதான். பந்தயம் செல்லாது.”

“எம்மா...” அவர் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். “யாருக்கும் தெரியாதுல்லா? வாயத் தொறக்காமப் போயிருக்கலாமே?”

“எனக்குத் தெரியுமே சார்.”

படியிறங்கினாள். மழை பிடித்துக்கொண்டது. உஸ்மான் ரோட்டில் துணிப் பைகளோடு ஓடும் கூட்டத்தின் நடுவே குடையை விரிக்காமலே நடந்தாள். அழுகிறாளா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை... அந்த ஒரு உபகாரத்துக்காக மழையை மன்னித்தாள்.

அவனை மன்னிக்கவில்லை. அவன் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுக்கவில்லை. கிளாடிஸ் டிபன் பாக்ஸைப் பார்த்தார், மகள் முகத்தைப் பார்த்தார்.

டிசம்பரில் ஒருநாள் நீரஜா மாமி மயிலாப்பூர் லஸ்ஸில் அவளை மடக்கினார். “உனக்கு விஷயம் தெரியுமோ? அந்தப் பையன் கடை வாசல்ல போர்டு எழுதி வச்சுட்டான்டீ. ‘இங்கு வாங்கிய பூஞ்சைப் பொடி உயிரில்லாதது, தவறு எங்களுடையது’ன்னு. கீழ தன் பேரை வேற போட்டிருக்கான். அப்பா கழட்டிப் போட்டார். இவன் திரும்ப மாட்டினான். மூணு தடவை! ‘கடைய விட்டு வெளிய போலே’ன்னு அவர் கத்தறார், ‘போறேன், போர்டு இருக்கட்டும்’ங்கறான் இவன். தெருவே வேடிக்கை பார்த்துது.”

ஜொவிட்டாவுக்கு உடனே அந்தப் போர்டைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனாலும் வீம்பு விடுமா? “நல்லது செஞ்சா நல்லதுதான் மாமி” என்று மட்டும் சொல்லிவிட்டு மாதா கோயில் பக்கம் நடந்தாள். அன்று ஜெபத்தில் கவனமே நிற்கவில்லை.

ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அப்போவே மறுபடி மூணு வரிசையும் விதைச்சேன். மாமி மாடிலேர்ந்து புதுசா எடுத்த அதே வியாதி மண்ணு, நீங்க குடுத்துட்டுப் போன பொடி. ஃப்ரிட்ஜ்லதான் வச்சிருந்தேன். நாளைக்கு அப்பா எண்ணப்போறார். நீங்க இல்லாம எண்ண விட மாட்டேன்.’

போகக் கூடாது என்று பத்து முறை நினைத்தாள். பதினோராவது முறை பஸ்ஸில் இருந்தாள்.

மாடியில் பருவம் தப்பிய தூறல். அவரை பூத்து, பிஞ்சு விட்டிருந்தது. நல்லசிவம் விரல் விட்டு எண்ணினார். ஒன்றும் போடாத வரிசையில் ஒன்பது காலி. அவர் வரிசையில் இரண்டு. அவள் வரிசையில்... மூன்று.

“ஒரு செடி” என்றார் நல்லசிவம். “ஒரு செடியில நான் கெலிச்சுட்டேன்.” ஆனால் குரலில் ஜெயித்த சத்தம் இல்லை.

“மருந்து எத்தனை தடவை ஊத்தினீங்க சார்?”

“நாலு.”

“நான் ஒரே தடவை. விதையோட.”

ஸ்ரீஹரி அவளிடம் நோட்டை நீட்டினான். அவள் வாங்கிப் படித்தாள். ‘டிசம்பர் ஆறு. நாலாவது செடி தலை சாய்ந்தது. மருந்து டப்பா பக்கத்திலேயே இருந்தது. கீழே போய்க் கடையைப் பார்த்தேன். டிசம்பர் ஒன்பது. ஏழாவது செடி. கை வைக்கவில்லை. டிசம்பர் பதினாலு. நல்ல மழை. பத்தாவது செடி போய்விட்டது. கை வைக்கவில்லை. மற்ற ஏழும் நிற்கின்றன. அவள் சொன்னது சரி.’

எழுத்துகள் கலங்கின. தூறலா, கண்ணா... எதுவோ.

“மூணு செடி சாகறதைப் பார்த்துக்கிட்டே நின்னேங்க” என்றான் அவன் மெதுவாக. “மூட்டை தூக்கறதெல்லாம் சுலபம். இதுதான் கஷ்டமா இருந்துச்சு.”

அவள் நோட்டை மூடினாள். விடுவிடுவென்று படியிறங்கினாள். பின்னாலேயே இருவரும் இறங்கி வந்தார்கள்.

“எம்மா, நில்லு! அதெல்லாம் ஒண்ணும் சொல்லாண்டாம்... நான் பந்தயத்த மறந்துட்டேன்.”

“நான் மறக்கல சார்.”

கடை வாசலில், பொங்கல் கூட்டம் நெரியும் அந்தச் சந்தில், தூறலில் நின்றாள். கரும்புக்கட்டு தூக்கிப் போனவர்கூட நின்று பார்த்தார்.

“என் பேரு ஜொவிட்டா. இந்தக் கடைக்காரரோட பந்தயம் கட்டினேன். ஒரு செடில தோத்துட்டேன்!” குரல் நடுங்கவில்லை. “ஆனா என் ஏழு செடியும் ஒரு சொட்டு மருந்து இல்லாம நிக்குது. அடுத்த மழைக்கும் இதே மாடில விதைப்பேன். அதுக்கடுத்த மழைக்கும் விதைப்பேன்.”

மூச்சு வாங்கினாள். போய்விடலாம். சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. ஆனால் கல்லா ஓரத்தில் அவன் நின்றிருந்தான்... தூசு படிந்த அந்த இமைகள் இமைக்காமல்.

“இன்னொண்ணும் சொல்லணும். வந்தது வந்துட்டேன், அதையும் எல்லாரும் கேட்டுக்கட்டும். எனக்கு ஸ்ரீஹரியைப் பிடிச்சிருக்கு. நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவ, போவேன். என் பேரை மாத்திக்க மாட்டேன். பூஞ்சையை விட மாட்டேன். இதெல்லாம் சரின்னா அவர் சொல்லட்டும். சரியில்லேன்னாலும் இங்கயே சொல்லட்டும்!”

கூட்டம் இன்னும் ஓர் அடி நெருங்கி வந்தது.

ஸ்ரீஹரி கல்லாவைச் சுற்றிக்கொண்டு தூறலுக்குள் வந்தான். காது மடல் சிவந்திருந்தது.

“ஏலே...” என்றார் நல்லசிவம். “நம்ம சனம் என்ன பேசும்னு நெனச்சுப் பாத்தியாலே?”

“பேசட்டும்ப்பா.” அவன் திரும்பவில்லை. பார்வை அவள்மேலேயே இருந்தது. “ஜொவிட்டா... உங்க பேரை யாரு மாத்தச் சொன்னாங்க? நோட்டு முழுக்க அந்தப் பேரைத்தான் எழுதி எழுதி அடிச்சு வச்சிருக்கேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. தைரியமாச் சொல்லத் தெரியல, அவ்வளவுதான்.”

“உங்களை இல்ல. உன்னை.”

“உன்னை...” என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நல்லசிவம் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு எரிச்சலோடு கேட்டார், “இவ அம்மைக்குத் தெரியுமாலே இது?”

“இன்னும் இல்ல சார். இப்பப் போய்ச் சொல்லப்போறேன்.”

“நானும் வரேன்” என்றான் ஸ்ரீஹரி.

“திட்டுவாங்க.”

“உன்னை மட்டும் திட்ட விட்டுட்டு நான் இங்க நிக்கவா?”

இருவருமாகக் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். நல்லசிவம் கூப்பிட்டது கேட்டது. யாரும் நிற்கவில்லை. உஸ்மான் ரோடு முனையில் யாரோ இடித்துத் தள்ளியதில் அவள் கை அவன் கையில் சிக்கியது. அவன் விடவில்லை. அவளும்தான்.